தீயும் வெயிலும் உப்பும்: இராமநாதபுரக் கடற்கரையில் பாதுகாப்பான வீடு எது?

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் ஓர் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்துவந்த அந்தக் கொட்டகைக்குள் நோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அதுபோன்ற காப்பகங்கள் மூடப்பட்டன. நாடு முழுவதும் அந்தச் சங்கிலியைப் பற்றிப் பேசியது. பேச வேண்டியதும் அதைத்தான். ஆனால் அந்த உயிர்களைப் பறித்ததில் கூரைக்கும் பங்குண்டு. எரியாத கூரையாக இருந்திருந்தால், சங்கிலியை அவிழ்க்கவும் வெட்டவும் சில நிமிடங்களாவது கிடைத்திருக்கும்.

கூரையைப் பற்றித் தமிழ்நாடு உரக்கப் பேசியது மூன்றாண்டுகள் கழித்து. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அதன்பின் பள்ளிகளில் ஓலைக் கூரை கூடாது என்று அரசு உத்தரவிட்டது. அதற்கு முன்பே 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயிலின் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்து பலர் இறந்திருந்தார்கள். ஆயிரம் ஆண்டு நின்ற கருங்கல் கோயிலுக்குள், சில நாட்களுக்காகப் போட்ட பந்தல் செய்த சேதம் அது.

பள்ளிக்கும் பந்தலுக்கும் விதிகள் வந்துவிட்டன. வீட்டின் கதை வேறு. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலும் இராமேசுவரம் தீவிலும் ஒரு குடும்பம் எந்தப் பொருளைக் கொண்டு வீடு கட்டினால் பாதுகாப்பாக வாழலாம்? எரியாத பொருள் எது என்பதோடு இந்தக் கேள்வி முடிந்துவிடுவதில்லை. இந்தக் கரையில் வீட்டைத் தாக்குபவை தீ, வெயில், உப்பு என மூன்று. அவ்வப்போது நான்காவதாகப் புயலும் வரும். ஒன்றைத் தடுக்கும் பொருள் மற்றொன்றுக்கு வாசலைத் திறந்துவிடுகிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்த கூரை மாற்றங்களைத் தொகுத்துப் பார்த்தால் தெரிவது இதுதான்.

ஓலை ஏன் இத்தனை காலம் நின்றது

இராமநாதபுரம் பனையின் மண். வேலிக்கும் பாய்க்கும் பெட்டிக்கும் போலவே கூரைக்கும் ஓலை கையெட்டும் தூரத்தில் கிடைத்தது. விலை குறைவு என்பது மட்டும் காரணமல்ல. ஓலைக் கூரை வெயிலை உள்வாங்கிச் சேமித்து வைப்பதில்லை. அடுக்குகளுக்கு இடையே இருக்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கிறது; உள்ளே சேரும் அனல் ஓலை இடுக்கு வழியே மேலேறிப் போய்விடுகிறது. உப்புக் காற்று அதை ஒன்றும் செய்வதில்லை. புயலில் சரிந்தாலும் கான்கிரீட்போல ஆளை நசுக்குவதில்லை. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியைக் கடல் விழுங்கிய பிறகு, அந்த ஊர் வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டது. தேவாலயமும் ரயில் நிலையமும் இன்றும் மொட்டைச் சுவர்களாக நிற்கின்றன. அந்த மணலுக்குத் திரும்பிவந்த மீனவக் குடும்பங்கள் மறுபடியும் ஓலையைத்தான் வேய்ந்துகொண்டன.

ஆனால் தீயின் முன் ஓலைக்கு எந்தத் தற்காப்பும் கிடையாது. காய்ந்த ஓலை 250 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். அடுப்பிலிருந்து பறக்கும் ஒரு பொறி அதற்குப் போதும். மெல்லிய இலை, நடுவே காற்று, சரிவான அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து தீயை முகட்டுக்கு இழுத்துச் செல்கின்றன. குளிர்ச்சி தந்த அதே காற்றிடைவெளிதான் தீக்கும் ஊட்டமாகிறது. ஆடி மாதக் கச்சான் காற்றில் ஒரு குடிசையின் நெருப்பு அடுத்த குடிசைக்குப் போக அதிக நேரம் எடுப்பதில்லை. இராமேசுவரம் நகரிலிருந்து தனுஷ்கோடி சுமார் 20 கிலோமீட்டர். தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் ஓலைக் கூரை முழுவதும் எரிந்து முடிந்திருக்கும்.

மீனவர் குடிசையில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. அது உறங்கும் இடம் மட்டுமல்ல, கிடங்கும்கூட. நைலான் வலை, பிளாஸ்டிக் கயிறு, தெர்மோகோல் மிதவை, படகு எஞ்சினுக்கான மண்ணெண்ணெய் அல்லது டீசல் கேன் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். வலையும் மிதவையும் எரியும்போது உருகிச் சொட்டுகின்றன. அந்தச் சொட்டுகள் கீழே படுத்திருப்பவர்மீது விழுகின்றன. புகையில் நஞ்சு இருக்கிறது. வீட்டோடு தொழிற்கருவியும் போய்விடுவதால், தீ விபத்துக்குப் பின் கிடைக்கும் அரிசியும் வேட்டி சேலையும் சிறு தொகையும் அந்தக் குடும்பத்தை எழுந்து நிற்க வைப்பதில்லை.

ஓலையையே தீத்தாங்கியாக மாற்றும் முயற்சியும் நடந்தது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், மழையில் கரையாத மண்சாந்தைக் கூரைமீது பூசும் முறையை உருவாக்கியது. மண்ணோடு தாரைக் கலந்து செய்யும் சாந்து அது. ஓலையைக் காற்றும் பொறியும் தொடாமல் மண் மூடிவிடுவதால் தீ பற்றுவது தாமதமாகிறது. போராக்ஸ் போன்ற உப்புகளில் ஓலையை ஊறவைக்கும் முறையும் உண்டு. அவை மழையில் கழுவிப் போய்விடும் என்பது அதன் குறை. சாந்து பூசிய கூரையின் எடையைத் தாங்க அடிச்சட்டம் வலுவாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்படும் கூரைக்கு இத்தனை உழைப்பா என்று மக்கள் நினைத்ததில் வியப்பில்லை. ஆயினும் புயல் முகாம், தற்காலிகக் குடியிருப்பு போன்ற இடங்களில் இந்த முறை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டுக் கரையில் எழுந்த தற்காலிகக் குடில்கள் பலவற்றுக்குத் தார் அட்டைதான் சுவரும் கூரையும். வெயிலில் கொதிக்கும், தீயில் எரியும் என இரண்டு கேட்டையும் ஒருசேரக் கொண்ட பொருள் அது.

குடிசையில்லாத் தமிழ்நாடு என்னும் நெடுங்கனவு

குடிசைத் தீயைச் சமூகப் பிரச்சினையாகப் பார்த்ததில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. அண்ணா முதல்வராக இருந்த காலத்திலேயே சென்னையில் எரிந்த குடிசைகளுக்குப் பதிலாகத் தீப்பிடிக்காத வீடுகள் கட்டும் முயற்சி தொடங்கியது. 1970இல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. 2010இல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டம், ஊரகப் பகுதியில் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க இலக்கு வைத்தது. 2011இல் வந்த பசுமை வீடு திட்டம் 300 சதுர அடியில் சூரிய மின்விளக்கோடு வீடு தந்தது. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்ற இலக்கோடு, ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் ஒதுக்குகிறது.

இந்தக் கடைசித் திட்டத்தின் விதியில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒரு வரி இருக்கிறது. வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் போட வேண்டும். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு பொருளில் பயனாளி விரும்பியபடி கூரை போட்டுக்கொள்ளலாம். ஓலைக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் அனுமதி இல்லை. தமிழ்நாட்டின் வீட்டுக் கொள்கை வந்து சேர்ந்திருக்கும் நல்ல இடம் இது. தீ என்ற ஆபத்துக்கு இந்த விதி சரியான விடை. வெயிலுக்கும் உப்புக்கும் விடை என்ன என்பதை அது சொல்லவில்லை.

ஓலைக்குப் பின் வந்தவை: ஷீட்டும் தகரமும்

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தவுடன் ஓலையைக் கழற்றிவிட்டு மக்கள் போட்டது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். துருப்பிடிக்காது, எரியாது, மலிவு என்று மூன்று நன்மைகள் சொல்லப்பட்டன. அது எரியாது என்பது உண்மைதான். ஆனால் தீயில் அகப்பட்ட ஷீட் வெடித்துச் சிதறும். உள்ளே பொதிந்துள்ள ஈரம் நீராவியாகி அதை உடைத்துவிடும். தீயணைக்கப் போகிறவர்களுக்கு அந்தச் சில்லுகள் பெரிய அச்சுறுத்தல். உடைந்த ஷீட்டிலிருந்து பறக்கும் இழைகள் நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அமெரிக்கா 2024இல் எஞ்சியிருந்த வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் பயன்பாட்டுக்கும் தடை விதித்தது. இந்தியாவில் கூரை ஷீட் இன்னமும் கடையில் கிடைக்கிறது.

தகரத்துக்கு இந்த நோய் அபாயம் இல்லை. ஆனால் வெயிலில் அதன் மேற்பரப்பு 60, 70 டிகிரிவரை சூடேறும். தகரத்தின் மெல்லிய உடல் அந்தச் சூட்டை அப்படியே கீழே இறக்கும். கடலோரத்தில் சாதாரண நாகப்பூச்சுத் தகரம் சில ஆண்டுகளில் துருப்பிடித்துப் பொத்தலாகிறது. புயலில் சரியாகப் பூட்டப்படாத தகடு பறந்தால் அதுவே ஆயுதமாகிவிடும். இப்போது வரும் வண்ணப் பூச்சுத் தகடுகள் துருவை நன்றாகத் தாங்குகின்றன. அவற்றைப் போடுகிறவர்கள் வெள்ளையோ வெளிர்நிறமோ தேர்ந்தெடுத்தால் வெக்கையும் குறையும். பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுவதோ கரும்பச்சையும் செங்காவி நிறமும்.

கான்கிரீட்டும் கடல் உப்பும்

தீயைத் தாங்குவதில் கான்கிரீட்டுக்கு நல்ல பெயர் உண்டு, அது நியாயமானதும்கூட. ஒரு பொருள் எவ்வளவு நேரம் தீயைத் தாங்கும் என்பதைச் சோதனைச் சாலையில் உலைக்குள் வைத்து அளக்கிறார்கள். உலகெங்கும் பின்பற்றப்படும் சோதனை முறையில் அரைமணி நேரத்தில் உலையின் வெப்பம் 840 டிகிரியைத் தாண்டும். ஒரு மணி நேரத்தில் 945 டிகிரியைத் தொடும். சரியாகப் போட்ட கான்கிரீட் தளமும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் இந்தச் சோதனையில் மணிக்கணக்கில் நிற்கும். ஆனால் தளத்துக்குள் இருக்கும் கம்பிக்கு அந்தத் தாங்குசக்தி இல்லை. 550 டிகிரியை நெருங்கும்போது உருக்குக் கம்பி தன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் படலம்தான் அந்தச் சூடு கம்பியை எட்டாமல் காக்கிறது. கட்டடத் தொழிலில் அதைக் கவர் என்பார்கள்.

அதே கவர்தான் கடலோரத்தில் உப்பையும் தடுக்கிறது. கான்கிரீட்டுக்கு இயல்பாகவே காரத்தன்மை உண்டு. அதனால் அதற்குள் இருக்கும் கம்பி துருப்பிடிப்பதில்லை. கடற்காற்றில் வரும் குளோரைடு உப்பு மெல்ல ஊடுருவிக் கம்பியை எட்டினால் அந்தப் பாதுகாப்பு உடைகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கம்பி உள்ளுக்குள் பருத்து, கீழேயுள்ள கான்கிரீட்டைப் பிதுக்கித் தள்ளுகிறது. முதலில் கம்பி போகும் வழியில் பழுப்புக் கோடு, பிறகு விரிசல், பிறகு தட்டினால் பொத்தென்று கேட்கும் ஓசை, கடைசியில் உறங்கும் நேரத்தில் தலைமீது விழும் பாளம். கடலோர ஊர்களின் தொகுப்பு வீடுகளில் கூரை பெயர்ந்து விழும் செய்தி ஆண்டுதோறும் வருவதற்குக் காரணம் இதுதான். பெயர்ந்த இடத்தில் கம்பி வெளியே தெரிகிறது என்றால், அந்தத் தளம் உப்பிடம் மட்டுமல்ல, தீயிடமும் தன் காப்பை இழந்துவிட்டது.

இந்தியத் தர நிர்ணய நூலான ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்துகிறது. அங்கே கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவரும், எம்30 தரக் கான்கிரீட்டும் கேட்கிறது. கலவைக்கான தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால், கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. இராமநாதபுரத்தின் நிலைமையை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் ஊரில், கலவைக்கும் தளம் நனைப்பதற்கும் நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும்? உவர்ப்புக் கிணறும் ஆழ்துளைக் கிணறும்தான் கைகொடுக்கின்றன. சில இடங்களில் மணலும் கடலோர மணல்தான். வீடு கட்டும் நாளிலேயே உப்பு உள்ளே போய்விடுகிறது.

கவரை உறுதிசெய்யும் பொருள் மிகச் சிறியது. சென்ட்ரிங் பலகையின்மீது கம்பியைக் கட்டிய பிறகு, அதன் அடியில் அங்கங்கே சிமெண்டுச் சில்லு ஒன்றை வைப்பார்கள். உள்ளங்கையில் நான்கைந்து அடங்கும். பெயர் கவர் பிளாக். அது இல்லாத இடத்தில் கொத்தனார் ஒரு ஜல்லியை நகர்த்திக் கம்பிக்கு அடியில் செருகுவார். கான்கிரீட்டைக் கொட்டி மிதிக்கும்போது ஜல்லி விலகிக் கம்பி பலகையில் படிந்துவிடும். பலகையைப் பிரித்ததும் பூச்சு பூசிவிடுவதால் தவறு வெளியே தெரியாது. சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். இராமநாதபுரக் கடற்கரையில் ஒரு வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கும் பொருள்களில் மிக மலிவானது இந்தச் சில்லு. இதைவிடக் குறைந்த செலவில் தீயையும் உப்பையும் ஒன்றாகத் தடுக்கும் வேறொரு பொருள் எனக்குத் தெரியாது.

வெயில் என்னும் இரண்டாவது தீ

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால் வானிலை ஆய்வுத் துறை அதை வெப்ப அலை என்று கணக்கிடும். ஆனால் இராமேசுவரத்திலும் பாம்பனிலும் மக்களை வாட்டுவது வெப்பமானி காட்டும் எண் மட்டுமல்ல. கடல் ஈரம் காற்றில் நிறைந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை, உடல் குளிர்வதில்லை. வெறும் கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடித்துக்கொண்டு, மாலைக்குப் பிறகு அதை வீட்டுக்குள் விடத் தொடங்கும். வெளியே கடற்காற்று வீசும் இரவு ஒன்பது மணிக்கு உள்ளே உலை. முதியோரும் கைக்குழந்தையும் கர்ப்பிணியும் அதற்குள்தான் படுக்கிறார்கள்.

ஆபத்து திரும்பிவரும் இடம் இதுதான். வெக்கை தாங்காத குடும்பம் தனக்குத் தெரிந்த வழியில் தீர்வு தேடுகிறது. கான்கிரீட் மாடிக்கு மேல் கிடுகுக் கொட்டகை போடுகிறது. ஷீட்டுக்கு அடியில் தெர்மோகோல் அட்டை ஒட்டுகிறது. பிளாஸ்டிக் பால்ஸ் சீலிங் அமைக்கிறது. பச்சை வலையும் பழைய பிளக்ஸ் பேனரும் கட்டுகிறது. தெர்மோகோல் 100 டிகிரியை ஒட்டியே சுருங்கி உருகத் தொடங்கும்; பற்றிவிட்டால் கரும்புகையோடு சொட்டுச் சொட்டாக எரியும். எரியாத கூரையை அரசு கொடுத்தது. வெயில் அதன்மீதும் அடியிலும் எரியும் பொருளை ஏற்றி வைத்துவிட்டது. இதற்கு மக்களைக் குறை சொல்வது அநியாயம். அவர்கள் கேட்டது உறங்க ஓர் இடம்.

இந்தத் தவறு ஏழை வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். கட்டடம் கான்கிரீட்தான். குளிரைத் தடுக்கவும் தோற்றத்தை அழகாக்கவும் வெளிப்புறத்தில் போர்த்தப்பட்ட தகடுகளுக்குள் எரியும் பிளாஸ்டிக் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த வெப்பத்தடுப்பு அட்டையும் எரியக்கூடியது. தீ அதன் வழியே மேலேறியது. வெப்பத்தைத் தடுக்கும் எல்லாப் பொருளும் தீயைத் தடுப்பதில்லை என்பதை ஒரு பணக்கார நகரம் 72 உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

வெயிலைத் தடுக்க எரியாத வழிகள் இருக்கின்றன. முதலாவது வெள்ளை. பழைய கான்கிரீட் தளம் வெயிலில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். புதிதாக வெள்ளையடித்த தளம் முக்கால்பங்கை ஒட்டித் திருப்பி அனுப்பும். வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரிவரை குறையலாம். அகமதாபாத் 2013இல் தொடங்கிய வெப்பச் செயல்திட்டத்தில் இந்த முறை பின்னர் இடம்பெற்றது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. சுண்ணாம்பும் பசையும் கலந்து ஆண்டுக்கு ஒருமுறை சித்திரைக்கு முன் அடித்தால் போதும். புழுதியும் பாசியும் படிந்தால் பயன் குறையும். ஆண்டுதோறும் அடிக்கச் சொல்வது அதனால்தான்.

பழைய வீடுகள் வைத்திருந்த விடை

இரண்டாவது வழி, இந்தக் கரையின் பழைய வீடுகளிலேயே இருக்கிறது. கீழக்கரையின் மரைக்காயர் வீடுகளிலும் இராமேசுவரத்தின் பழைய தெருக்களிலும் தடித்த சுண்ணாம்புச் சுவர்களைக் காணலாம். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு அது. சுண்ணாம்புப் பூச்சு எரியாது. தீயில் சூடேறும்போது தன்னிடமுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் வெளியேற்றுவதில் வெப்பத்தைச் செலவழிக்கும். அதனால் பின்னால் இருக்கும் சுவர் தாமதமாகவே சூடாகும். துருப்பிடிக்க அதில் கம்பி இல்லை. மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்து, மேலே தட்டோடு பதிப்பது கடும் வெயிலுக்கும் மழைக்கும் ஒருசேரக் குடை. சிக்கனம் என்று வந்தால் இப்போது முதலில் வெட்டப்படுவது இந்த அடுக்குத்தான்.

இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்புக் கல்லும் செங்கல்லும் கொண்டு கட்டிய வீட்டில் வளர்ந்ததாக அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். அவர் வழிநடத்திய திட்டத்தில் உருவான அக்னி ஏவுகணை 1989 மே 22 அன்று முதன்முதலாகப் பறந்தது. விண்ணிலிருந்து திரும்பும்போது அதன் முனை ஆயிரக்கணக்கான டிகிரி சூடேறும். கார்பன் இழைகளால் ஆன கவசம் அந்தச் சூட்டை வெளியிலேயே நிறுத்தி உள்ளே இருக்கும் கருவிகளைக் காக்கும். பொருளின் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஆனால் வெப்பம் உள்ளே போகும் வேகத்தைக் குறைத்துக் காலத்தை வாங்கிக்கொள்வது என்ற அடிப்படை, அந்தக் கவசத்துக்கும் சுண்ணாம்புச் சுவருக்கும் ஒன்றுதான்.

பழமையில் இருப்பதையெல்லாம் அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது. இந்தக் கரையில் ஒருகாலத்தில் கட்டுமானக் கல்லும் சுண்ணாம்பும் பவளப்பாறையிலிருந்து வந்தன. தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவரில் அந்தக் கல்லை இன்றும் பார்க்கலாம். பவளத்தை வெட்டியதன் விலையாக மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலில் அமிழ்ந்தன. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புயலின் வேகத்தைத் தடுத்துக் கரையைக் காக்கும் பவளத் திட்டுகளை உடைத்து வீட்டுச் சுவர் கட்டுவது யாருக்கும் பாதுகாப்பு ஆகாது. சிப்பிச் சுண்ணாம்பும் ஆலைச் சுண்ணாம்பும் அந்த இடத்தை நிரப்பும்.

ஓட்டுக்கூரையும் மறுபடி யோசிக்க வேண்டிய பொருள். சூளையில் வெந்து வந்த ஓட்டைத் தீ ஒன்றும் செய்யாது; உப்பும் அதிகம் செய்யாது. ஓடுகளுக்கு இடையே காற்று புகும். அதைத் தாங்கும் வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் எரியும் மரம்தான். ஆனால் தடித்த மரம் வெளிப்புறத்திலிருந்து நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே கரியும். அந்தக் கரியே உள்மரத்துக்குக் காப்பாகும். பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. அது நல்ல முடிவு. இனி ஓட்டைத் தாங்கச் சதுரக் குழாய் இரும்புக்கு நல்ல துருத்தடுப்புப் பூச்சு கொடுத்தோ, கான்கிரீட் சட்டம் வார்த்தோ பயன்படுத்தலாம். புயலில் ஓடு பறக்காமல் இருக்க ஓரங்களைச் சாந்து வைத்துப் பூட்ட வேண்டும்.

மானாமதுரை மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. கான்கிரீட் தளத்தின்மீது சிறு மண்கலயங்களைக் கவிழ்த்து அடுக்கி, இடைவெளியைச் சுண்ணாம்புக் கலவையால் நிரப்புவது பழைய வழக்கம். கலயத்துக்குள் அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கும். தெர்மோகோல் செய்யும் வேலையை எரியாத மண் செய்துவிடும்.

கூரைக்குக் கீழே

கூரை எதுவானாலும் பெரும்பாலான வீட்டுத் தீ அடுப்பிலும் மின்கம்பியிலும்தான் தொடங்குகிறது. எரிவாயு வந்த பிறகும் சீமைக்கருவேல விறகை விட்டுவிடாத வீடுகள் இங்கே ஏராளம். சமையலறைக்குத் தனிச் சுவர் எழுப்பி, உத்தரம்வரை செங்கல்லால் மூடினால், அங்கே பிடிக்கும் தீ படுக்கும் இடத்துக்கு வர நேரமாகும். கனவு இல்லத்தின் 60 சதுர அடியைச் சமையலறைக்கு ஒதுக்கி ஓட்டுக்கூரை போட்டால் அனலும் புகையும் மேலே போய்விடும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவும். சன்னல் மட்டும் போதாது, தரையை ஒட்டி ஒரு காற்றுத் துவாரமும் வேண்டும். ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

உப்புக் காற்று சுவிட்சையும் விடுவதில்லை. இணைப்புகளில் பச்சை பூக்கும். அந்த இடத்தில் மின்தடை கூடிச் சூடேறும். பிறகு நாளேட்டில் மின்கசிவு என்று ஒரு வரி வரும். தீப்பரவலைத் தடுக்கும் உறையிட்ட ஒயர், 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும் கருவி, ஆண்டுக்கு ஒருமுறை இணைப்புகளைத் திருகி இறுக்குவது ஆகிய மூன்றையும் கடலோர வீடு தள்ளிப்போடக் கூடாது. வலையும் எண்ணெய்க் கேனும் வீட்டுக்கு வெளியே போக வேண்டும். கரையில் பொதுவான வலைக்கூடமும் எரிபொருள் அறையும் கட்டுவதைத் தீத்தடுப்புச் செலவாகவே அரசும் சங்கங்களும் பார்க்க வேண்டும்.

முடிவாக

தீத்தாங்கும் ஒரே அதிசயப் பொருள் என்று எதுவும் கிடையாது. இந்தக் கரைக்கு ஏற்றது ஒரு கூட்டு: செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, போதிய கவரோடு நல்ல தண்ணீரில் போட்ட கான்கிரீட் தளம், அதன்மேல் தட்டோடோ மண்கலயமோ வெள்ளையோ, ஓட்டுக்கூரை போட்ட தனிச் சமையலறை. இவற்றில் எதுவும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. ஆஸ்பெஸ்டாஸ், வெறும் தகரம், தெர்மோகோல் ஆகிய மூன்றையும் வீட்டுக் கூரையிலிருந்து விலக்க வேண்டும்.

அரசிடம் வைக்கும் கோரிக்கை நான்கு. கடலோர மாவட்டங்களில் கனவு இல்லத்தின் மதிப்பீட்டில் எம்30 கான்கிரீட்டுக்கும் கவருக்கும் கூடுதல் தொகை சேருங்கள். தளம் போடும் நாளில் நல்ல தண்ணீர் லாரியை அனுப்புங்கள். கம்பியின் கீழ் கவர் பிளாக்கைப் பார்த்த பிறகே பொறியாளர் கையெழுத்திடட்டும். வெயில்தடுப்பு அடுக்கு இல்லாத தளத்துக்குக் கடைசித் தவணையை விடுவிக்காதீர்கள்.

வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். கான்கிரீட் கொட்டும் நாளன்று காலையில் சென்ட்ரிங் பலகைமீது ஏறிப் பாருங்கள். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே உங்கள் கட்டைவிரல் தாராளமாக நுழையாவிட்டால், வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.